கம்பிச்சுருளும் கடற்கரையும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே வழங்கி வருகிறோம். பொழுது தானே போகக்கூடியது. அதனைப் போக்குவதற்கென்று ஒரு வேலை எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆயினும், இன்று பெருந்தொழில்களாக விளங்குவனவற்றுள் சில, ஒரு காலத்தில் ஓய்வு நேரத்தில் ஒரு சிலர் விரும்பிச் செய்த விளையாட்டுகளே என்பதை மறத்தற்கில்லை. என் குரலை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் வானொலியே அதற்குத் தக்க சான்று.

1924ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் வானொலி ஆர்வலர் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். சென்னை மாகாண வானொலிச் சங்கம் என்பது அதன் பெயர். அதற்கு உயிராக நின்றவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அச்சங்கம் 40 வாட் ஆற்றலுள்ள ஒரு பரப்பியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. நாற்பது வாட் என்பது வீட்டில் எரியும் சிறு குண்டு விளக்கு ஒன்று கொள்ளும் மின்சாரமே. பணமுடையால் 1927இல் சங்கம் தன் பணியை நிறுத்திக்கொண்டது; எனினும் அதன் பரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நாள்தோறும் ஒலிபரப்பி வந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல்தான் பிறந்தது. பெரிய நிலையத்திற்கு முன்னோடி ஆர்வலர்களின் சிறிய பரப்பியே ஆகும்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளராக இருந்த எட்வர்டு ஹார்ப்பர் என்பவர், 1923இல் மத்தியத் தந்தி நிலையத்தின் ஓர் அறையிலிருந்து இசைத்தட்டு இசையைக் காற்றில் அனுப்பிப் பார்த்தார். அதற்கான பரப்பியைத் தந்திப் பொறியாளர்கள் தம் கையாலேயே செய்தார்கள். போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகள் அதற்குப் பயன்பட்டன. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது நம் தூத்துக்குடி. முத்துக்கும் உப்புக்கும் கப்பலுக்கும் பேர்பெற்ற ஊர் இது. இக்கடற்கரையில் வாழும் ஒரு மாணவன், அல்லது மாணவி, விடுமுறை நாட்களில் தம் கையால் ஒரு சிறு வானொலியைச் செய்து, அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி உலாவினால் என்னென்ன கற்றுக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவே இப்பேச்சு. கருவி செய்வதும் உலாப் போவதும் இரு வேறு பொழுதுபோக்குகள் எனத் தோன்றலாம். இவ்வூரைப் பொறுத்தவரை அவை ஒன்றே. எங்ஙனம் என்பதைப் பார்ப்போம்.

முதலில் கருவி. மிக எளிய வானொலிக்குப் பழைய பெயர் படிக வானொலி. அதற்கு மின்கலம் வேண்டா; மின் இணைப்பும் வேண்டா. காற்றில் வரும் அலையின் ஆற்றலே அதனை இயக்கும். வேண்டிய பொருள்கள் ஐந்து: கம்பிச்சுருள் ஒன்று, மாறும் மின்தேக்கி ஒன்று, ஜெர்மானியம் டயோடு ஒன்று, காதில் வைக்கும் செவிப்பொறி ஒன்று, ஏரியலுக்கும் எர்த்துக்கும் ஆன கம்பி.

ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் அட்டைக் குழாயில், எனாமல் பூசிய 24ஆம் எண் செம்புக் கம்பியை 80 சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது. இதனோடு 365 பிக்கோஃபாரடு வரை மாறக்கூடிய மின்தேக்கியை இணைத்தால், மத்திய அலையின் பெரும்பகுதி உங்கள் கைக்குள் அடங்கிவிடும். மின்தேக்கியின் தகடுகள் முழுவதும் உட்சென்றிருக்கும்போது ஏறத்தாழ 550 கிலோஹெர்ட்சு. வெளிவர வெளிவர அதிர்வெண் ஏறும். 1053 கிலோஹெர்ட்சுக்கு வரவேண்டுமானால் மின்தேக்கியின் அளவு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரடு இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் பாடப்புத்தகத்திலுள்ள ஒத்ததிர்வு வாய்பாட்டில் இட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த வாய்பாடு காதில் பாட்டாக ஒலிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி தனி.

ஜெர்மானியம் டயோடு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். சாதாரணச் சிலிக்கன் டயோடு வழிவிடுவதற்கு அரை வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஜெர்மானியத்திற்கு அதில் பாதிக்கும் குறைவே போதும். ஏரியலில் வந்து சேரும் மின்னழுத்தமோ மிகச் சிறிது. ஆதலின் சிறிய தட்டலுக்கும் திறக்கும் கதவு நமக்குத் தேவைப்படுகிறது. இந்த டயோடு தோன்றுவதற்கு முன்பு கலீனா என்னும் ஈயக் கனிமத்தின்மீது மெல்லிய கம்பி முனையை வைத்து அதே வேலையைச் செய்தார்கள். கலீனாவை மின்னலைகளை உணரும் கருவியாக ஆண்டு காட்டி, 1901இல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ். 1904இல் அவருக்கு அவ்வுரிமை கிடைத்தது. படிக வானொலியைச் செய்யும் இந்திய மாணவன் அயலார் பொருளைப் பார்த்துச் செய்பவன் அல்லன். தன் நாட்டார் வகுத்த வழியிலேயே நடப்பவன்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கைப்பேசிக்கு வாங்கிய செவிப்பொறி இதற்கு நேரே உதவாது. அதன் மின்தடை மிகக் குறைவு. பழைய வகைப் பீங்கான் செவிப்பொறியோ, 2000 ஓம் அளவுள்ள தலைக்கருவியோ வேண்டும்.

கருவி முடிந்தது. இனி உலா.

முதல் உலா உப்பளத்திற்கு. பதினைந்து மீட்டர் நீளமுள்ள கம்பியை இரண்டு கழிகளுக்கிடையே ஏரியலாகக் கட்டுங்கள். எர்த் கம்பியை ஓர் இரும்புக் கோலில் கட்டி, வரப்போரத்து ஈரமண்ணில் ஊன்றுங்கள். இம்மண் உப்பு ஊறிய மண். மின்சாரத்தை நன்கு கடத்தும். வலிய நிலையம் ஒன்று அருகே ஒலிக்குமாயின் அதன் குரல் தெளிவாக எழும். அடுத்த வாரம் அதே கருவியை, அதே ஏரியலுடன், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிற்குக் கொண்டுசெல்லுங்கள். குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகளைக் காணாதவர் காணவேண்டும். கண்ணுக்கெட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டியது போல் கிடக்கும். அங்கே அதே இரும்புக் கோலை ஊன்றினால் குரல் மெலிந்துவிடும். உலர்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. கோலைச் சுற்றி ஒரு குடம் உப்பு நீரை ஊற்றிப் பாருங்கள். குரல் மறுபடியும் தலைதூக்கும். காலடியில் கிடக்கும் மண்ணும் வானொலியின் ஓர் உறுப்பே என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆசிரியரும் கற்பிக்க இயலாது.

இரண்டாம் உலா கடலோரத்திற்கு. மத்திய அலை தரையைத் தழுவிச் செல்லும் இயல்புடையது. காய்ந்த நிலத்தின் மேல் செல்லும்போது விரைவில் தளர்ந்துவிடும். உப்புக் கடலின் மேல் செல்லும்போதோ நெடுந்தொலைவு தளராமல் செல்லும். கடல்நீர் சாதாரண நிலத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மின்சாரத்தைக் கடத்துவதே அதற்குக் காரணம். தூத்துக்குடியில் 1053 கிலோஹெர்ட்சில் 200 கிலோவாட் ஆற்றலுள்ள பரப்பி நிறுவப்பெற்றதும், அதன் தமிழ் ஒலி இலங்கையில் கேட்டதும் இவ்வியல்பால் எளிதாயின. நம் கரையிலுள்ளோர் பல்லாண்டுகள் இலங்கை வானொலியைப் பக்கத்து வீட்டுப் பேச்சுப் போலக் கேட்டு வந்ததற்கும் இந்தக் கடலே துணை. மன்னார் வளைகுடா இரண்டு நாட்டாரையும் பிரிக்கிறது என்று நிலப்படம் காட்டும். இரண்டு நாட்டாரின் குரலையும் அது சேர்க்கிறது என்று வானொலி காட்டும்.

மூன்றாவது உலா இரவில், வீட்டு மாடிக்கே. படிக வானொலியோடு ஒரு டிரான்சிஸ்டரையும் இரண்டு டார்ச் மின்கலங்களையும் சேர்த்துக்கொண்டால் தொலைவிலுள்ள நிலையங்களும் கேட்கத் தொடங்கும். பகலில் கேளாத ஊர்கள் இரவில் கேட்கும். பகலில் வான்வெளியின் கீழ்ப்படலம் ஒன்று மத்திய அலைகளை உறிஞ்சிக்கொள்கிறது. ஞாயிறு மறைந்ததும் அப்படலம் மறைகிறது. அதற்கு மேலுள்ள படலம் அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இன்னொன்றும் கேட்பீர்கள்: நிலையங்களுக்கிடையே படபடவென்னும் ஓசை. எங்கோ மின்னும் மின்னலின் குரல் அது. அவ்வோசை நெருங்கி வலுக்குமாயின், ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

உப்பளத்தில் செய்யத்தக்க வேறொரு சிறு கருவியையும் சொல்லிவிடுகிறேன். தீர்ந்துபோன பழைய டார்ச் மின்கலங்களிலிருந்து இரண்டு கரிக்கோல்களை எடுத்து, விரலகல இடைவெளி விட்டு ஒரு மரத்துண்டில் பொருத்துங்கள். ஒரு மின்கலம், ஒரு மின்தடை, ஒரு சிறு மின்னோட்டமானி ஆகியவற்றை வரிசையாக இணையுங்கள். கோல்களைக் கடல்நீரில் தோய்த்தால் முள் நகரும். பாத்திகளில் முற்றிவரும் நீரில் தோய்த்தால் இன்னும் நகரும். உப்பளத்தார் போமே மானியைக் கொண்டு நீரின் முதிர்ச்சியை அளப்பர். கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை காட்டும். உப்புப் பூக்கும்போது 25 பாகையை எட்டியிருக்கும். உங்கள் கருவி காட்டும் எண்ணையும் அவர்கள் மானி காட்டும் எண்ணையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதி வாருங்கள். உப்பு ஏறும் அளவுக்கு மின்னோட்டம் ஏறவில்லை என்பது தெரியவரும். உப்பின் துகள்கள் நெருங்க நெருங்க ஒன்றன் நடமாட்டத்தை மற்றொன்று தடுக்கிறது. கோல்களை நெடுநேரம் நீரில் வைக்காமல் நொடிப் பொழுதில் அளந்து எடுத்துவிடுவது நல்லது. வெயிலில் நின்று உழைப்பவரிடம் அனுமதி பெற்று, அவர் வேலைக்கு இடையூறு இல்லாமல் அளப்பது அதைவிட முக்கியம்.

இவை யாவும் இளமையின் இனிய விளையாட்டு என்று கொண்டாலும் தவறில்லை. ஆனால் இக்கரையில் இவ்விளையாட்டுக்கு வேறொரு பொருளும் உண்டு.

முத்துக்குளித்தல் இக்கடலின் பழந்தொழில். 1961ஆம் ஆண்டோடு மன்னார் வளைகுடாவின் பெரிய முத்துக்குளிப்புகள் முடிந்துவிட்டன. ஆயினும் அத்தொழிலின் முறை நினைவில் நிற்கத்தக்கது. குளிப்பவன் ஒரு கல்லின் பாரத்தால் ஆழத்திற்குச் செல்வான். ஒரு நிமிட அளவே அவன் மூச்சு தாங்கும். அவன் இடுப்புக்கும் தோணிக்கும் இடையே ஒரு கயிறு இருக்கும். கயிற்றை அவன் அசைத்ததும் மேலிருப்பவன் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே நிறுத்துவர் என்று இக்கரையில் சொல்லக் கேட்கிறோம். தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆகாதிருக்க அவன் கண்ணயராமல் நிற்பான் அன்றோ? அக்கயிறு ஒரு தந்தி. கீழிருப்பவன் செய்தி அனுப்புவான், மேலிருப்பவன் கேட்பான். கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவே செய்தியின் எல்லை.

இன்றைய படகில் கயிற்றின் இடத்தில் வானொலி இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. படகுகளில் உள்ள மீயுயர் அதிர்வெண் வானொலி, மத்திய அலையைப் போல் கடலைத் தழுவிச் செல்லாது. ஏறக்குறைய ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்லும். பூமியோ உருண்டை. மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நின்று, தொலைவில் செல்லும் கப்பலைப் பாருங்கள். முதலில் அதன் அடிப்பாகம் மறையும், பிறகு மேற்பாகம் மறையும். வானொலி அலைக்கும் ஏறத்தாழ அதே கதிதான். கம்பத்தின் உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை செல்லும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கரையிலுள்ள கம்பம் 25 மீட்டரானால் 20.6, படகிலுள்ள கம்பம் 4 மீட்டரானால் 8.2, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 29 கிலோமீட்டர். கரைக் கம்பத்தை நான்கு மடங்காக்கி 100 மீட்டர் உயர்த்தினாலும் மொத்தம் 49 கிலோமீட்டரைத்தான் எட்டும். ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வன.

இந்தக் கணக்கு தாளில் மட்டும் நிற்பதன்று. 2017 நவம்பர் 30ஆம் நாள் குமரிக்கடலில் ஒக்கிப் புயல் உருவானபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கச் சென்றவர்கள் கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து குரல் எட்டக்கூடிய தொலைவில் அவர்களுள் பலர் இல்லை. மீளாதவர் பலர். அதன் பின்னரே, செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் படகிலுள்ள கைப்பேசிக்குக் கொடுக்கும் ஜெமினி என்னும் கருவி 2019இல் அறிமுகமாயிற்று. அது செய்தியைப் பெறும், திருப்பி அனுப்பாது. கயிற்றின் ஒரு முனை நீண்டுவிட்டது. மறுமுனையையும் நீட்டும் வேலை தொடர்கிறது. அவ்வேலையைச் செய்ய வருபவர், கடலில் குரல் எங்கே நின்றுபோகிறது என்பதைத் தம் காதால் கேட்டறிந்த இக்கரை மாணவராக இருந்தால் எவ்வளவு பொருத்தம்!

நிலத்திலும் குரல் நின்றுபோவதுண்டு. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அதிலிருந்த 800 பேர் அளவினர் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டனர். பல இடங்களில் மின்சாரம் நின்றது, கைப்பேசியும் ஓய்ந்தது. கையில் விலையுயர்ந்த கருவி இருந்தும் அடுத்த ஊரின் செய்தி தெரியாத நிலை. அத்தகைய வேளையில் டார்ச் மின்கலத்தில் இயங்கும் ஒரு வானொலி தெருவுக்கு ஒன்று இருந்தால் அதன் அருமை சொல்லில் அடங்காது.

வானொலி ஆர்வலரின் பொழுதுபோக்கு ஆபத்துக் காலத்தில் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பாரதி பிரசாத் என்னும் அம்மையார், 2004 டிசம்பரில் அந்தமானில் பொழுதுபோக்கு வானொலி நிலையம் ஒன்றை நடத்தச் சென்றிருந்தார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்களோடு பேசி மகிழ்வதே அவர் சென்ற நோக்கம். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்த அத்தீவுகளிலிருந்து, அவரும் அவருடன் இருந்தவர்களும் பெருநிலத்துக்குச் செய்திகளை அனுப்பினார்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றி உறவினர் அறிய அவர்களின் குரல் வழியாயிற்று. விளையாட்டாகக் கற்ற கலை கடமையாக மாற ஒரு நாழிகை போதும். ஆனால் அக்கலையைக் கற்பதற்கு அந்த ஒரு நாழிகை போதாது. முன்னரே கற்றிருத்தல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, கேட்கும் கருவியை நீங்கள் விரும்பியபடி செய்யலாம். அலைகளைப் பரப்புவதற்கோ மத்திய அரசின் உரிமம் வேண்டும்; அதற்குரிய தேர்வு எழுதி உரிமம் பெற்ற பின்னரே பரப்ப வேண்டும். வீட்டு மின் இணைப்பை உங்கள் கருவியில் சேர்க்காதீர்கள். துறைமுகத்தில் தடுக்கப்பட்ட இடங்களுக்குள்ளும், கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படும் தீவுகளிலும் அனுமதியின்றி நுழையாதீர்கள். இவ்வரம்புகளுக்குள் நின்றாலே கற்பதற்கு ஒரு வாழ்நாள் போதாது.

கடையில் வாங்கிய கருவி, செய்தி வரும்போது அதனைச் சொல்லும். வராதபோது ஏன் வரவில்லை என்று சொல்லாது. தன் கையால் கம்பியைச் சுற்றி, தன் காலால் உப்பளத்தையும் தேரியையும் கடற்கரையையும் அளந்தவருக்குத்தான் அது தெரியும். எங்கே குரல் எட்டும், எங்கே எட்டாது என்பதை அறிந்தவர் ஊருக்கு ஒருவரேனும் இருத்தல் இக்கரைக்கு இன்றியமையாதது. வருகிற விடுமுறையில் ஓர் அட்டைக் குழாயும் சிறிது செம்புக் கம்பியும் தேடி எடுங்கள். எண்பது சுற்று, அரை மணி நேர வேலை. தொடங்குங்கள்.